பிழைத்தோர் கணக்கும் இறந்தோர் கணக்கும்: குடித்தொகைகளிற் புற்றுநோயை அளந்த வரலாறு

புற்றுநோய் என்றதும் மக்கள் முதலிற் கேட்கும் வினா, "ஆள் தப்புமா?" என்பதே. நோயாளியின் படுக்கையருகே அது பொருத்தமான வினாதான். ஆயின் அதே வினாவை ஒரு நாட்டை நோக்கிக் கேட்கும்போது அதன் பொருள் பெரிதும் மாறிவிடுகின்றது. நோய் கண்டறியப்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் ஐந்தாண்டுகளின் பின்னும் உயிரோடிருக்கின்றனர் என்னும் கணக்கை "ஐயாண்டு உயிர்பிழைப்பு வீதம்" என்பர். நாடுகளை ஒப்பிடுவதற்கும், அரசுகளைப் புகழ்வதற்கும் இகழ்வதற்கும் இவ்வெண் பயன்பட்டு வந்துள்ளது. அது எங்கே தோன்றியது, எதனைக் காட்டியது, எதனைக் காட்டாது விட்டது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவ பீடத்தாருக்குரிய பொருளிற் கலைப்பீடத்தான் தலையிடுவதா என்று சிலர் கருதக்கூடும். ஏட்டில் எழுதப்பட்டவர் யார், எழுதப்படாமல் விடுபட்டவர் யார் என்று வினவுவது வரலாற்று மாணவனின் தொழில். இங்கும் வினா அதுவேயாகும்.

தொடக்க காலத்தில் எண்ணப்பட்டோர் இறந்தோரே; பிழைத்தோர் அல்லர். வட இத்தாலியின் வெரோனா நகரைச் சேர்ந்த டொமெனிக்கோ ரிகோனி-ஸ்ரேர்ன் என்னும் மருத்துவர், அந்நகரில் 1760 முதல் 1839 வரை நிகழ்ந்த மரணங்களின் பதிவுகளை எடுத்து, புற்றுநோயால் இறந்தோரை வயது, பால், வாழ்க்கை நிலை என்றவாறு வகுத்துப் பார்த்தார். துறவு பூண்ட கன்னியரிடையே கருப்பைப் புற்றுநோய் அரிதாகவும், மார்புப் புற்றுநோய் ஏனைய பெண்களிடையே காணப்பட்டதைவிட மிகுதியாகவும் இருந்ததை அவர் கண்டார். 1842 ஆம் ஆண்டு பாதுவாவிற் கூடிய இத்தாலிய விஞ்ஞானிகள் மாநாட்டில் இம்முடிவுகளை வெளியிட்டார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பாலுறவின் வழியே பரவும் வைரசு ஒன்று காரணம் என்பது நிறுவப்படுவதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அதற்கான சுவடு ஒரு நகரத்தின் மரணப் பதிவேட்டிற் கிடந்தது. அவருக்கு முன்னர், 1775 இல், இலண்டன் சத்திரசிகிச்சையாளர் பேர்சிவல் பொட், புகைபோக்கி துப்புரவு செய்யும் சிறுவர்க்குப் பிற்காலத்தில் விதைப்பையிற் தோன்றும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று எழுதியிருந்தார். இவ்விரு கண்டுபிடிப்புகளிலும் எத்தனை பேர் பிழைத்தனர் என்னும் கேள்விக்கு இடமேயில்லை. யாருக்கு வருகின்றது, யாருக்கு வரவில்லை என்பதே கேட்கப்பட்டது.

பிழைப்பைப் பற்றிய கணக்கு பிறந்த இடம் வேறு. அது வைத்தியசாலையிற் பிறந்தது. இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையிற் புற்றுநோயாளருக்கெனத் தனி விடுதி 1792 இல் திறக்கப்பட்டது. நோய் தணியும்வரை அன்றேல் உயிர் பிரியும்வரை அவர்கள் அங்கேயே தங்கலாம் என்பது அதன் விதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் சத்திரசிகிச்சை வளர்ந்தது. 1898 இல் ரேடியம் கண்டறியப்பட்டபின் கதிர்ச்சிகிச்சையும் சேர்ந்துகொண்டது. தத்தம் முறையே சிறந்தது என்று வாதிட்ட சிகிச்சையாளர்க்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. மூன்றாண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு எனப் பலவாறு எண்ணிப் பார்த்து, ஈற்றில் ஐந்தாண்டு என்பதே வழக்காயிற்று. அந்த ஐந்தில் இயற்கை விதி எதுவும் இல்லை. பொறுமையோடு காத்திருக்கக்கூடிய ஒரு தவணை, அவ்வளவே.

இவ்வளவுகோலுக்கு முதன்முதலிற் கூர்மையான வினா ஒன்றை எழுப்பியவர், பிரித்தானியச் சுகாதார அமைச்சிற் பணிபுரிந்த புள்ளிவிபரவியலாளர் மேஜர் கிறீன்வுட். (மேஜர் என்பது அவருடைய இயற்பெயர், படைப்பதவி அன்று.) சிகிச்சை பெற்றவர் ஐந்தாண்டு வாழ்ந்தார் என்றால், சிகிச்சை பெறாதிருந்தால் எத்தனை ஆண்டு வாழ்ந்திருப்பார்? 1926 இல் அவர் வெளியிட்ட அறிக்கை, சிகிச்சையின்றி விடப்பட்ட புற்றுநோயின் இயற்கையான கால அளவை ஆராய்ந்தது. அதே ஆண்டில் அதே அமைச்சின் வெளியீடாக ஜெனற் லேன்-கிளேப்பன் என்னும் பெண் மருத்துவர் மார்புப் புற்றுநோயாளரையும் அந்நோயற்ற பெண்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு ஆராய்ந்தார். பிற்காலத்து நோய்ப்பரவலியலின் முறைகளுள் முக்கியமான ஒன்று அந்த ஆய்விலே உருப்பெற்றது. கிறீன்வுட்டின் வினாவுக்கு மிகத் தெளிவான விடை 1962 இற் கிடைத்தது. மிடில்செக்ஸ் வைத்தியசாலையின் பழைய ஏடுகளிலிருந்து, 1805 முதல் 1933 வரை மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எதுவும் பெறாத 250 பெண்களின் வரலாறுகளை புளூம் என்பாரும் அவரது சகாக்களும் திரட்டினர். நோய்க்குறி தோன்றியதிலிருந்து ஐந்தாண்டுகள் கழிந்தபோது அவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் உயிரோடிருந்தனர். பத்தாண்டு கழிந்தபோது நூற்றுக்கு நால்வர் வரையில் இருந்தனர். சிகிச்சையே இல்லாத இடத்திலும் ஐயாண்டு உயிர்பிழைப்பு வீதம் ஒன்று உண்டு என்பதை அவ்வேடுகள் காட்டின. ஐந்தாண்டு கடந்தவர் எல்லாம் குணமடைந்தவர் அல்லர் என்பதும் அவற்றிலேயே எழுதப்பட்டிருந்தது.

வைத்தியசாலைக் கணக்கின் குறை அதன் பகுதியெண்ணில் இருந்தது. வைத்தியசாலைக்கு வந்தோரை மட்டுமே அது அறியும். ஊரில் இறந்தவரை, காலம் பிந்தியதால் திருப்பி அனுப்பப்பட்டவரை, வரவே வசதியற்றவரை அது அறியாது. ஆகவே ஒரு நிலப்பரப்பில் வாழும் மக்கள் அனைவரையும் உள்ளடக்கும் பதிவேடு தேவைப்பட்டது. யேர்மனியின் ஹம்பேர்க் நகரில் 1920களிலும் ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தில் அதற்கடுத்த காலத்திலும் இம்முயற்சிகள் நடைபெற்றன. நாடு முழுவதையும் தழுவிய பதிவேட்டை முதலில் நிறுவியது டென்மார்க். 1942 ஆம் ஆண்டு, நாடு நாசிப் படைகளின் பிடியில் இருந்த வேளையில், ஜோகனஸ் கிளெமெசன் என்னும் மருத்துவர் அப்பதிவேட்டைத் தொடக்கினார். வைத்தியசாலைகள் நோயாளரை அறிவித்தன. இறப்புச் சான்றிதழ்கள் அவற்றோடு ஒப்பு நோக்கப்பட்டன. இறந்தபின்பே புற்றுநோயாளர் என்று தெரியவந்தவரும் இவ்வாறு ஏட்டில் ஏறினர். போர்க்காலத்தில் உணவுப் பங்கீட்டுக்கும் ஆட்சேர்ப்புக்கும் மக்களை எண்ணிய அரசுகள் பல உண்டு. அடுத்த தலைமுறைக்குப் பயன்படும் என்றெண்ணி நோயாளரை எண்ணத் தொடங்கிய இச்செயல் வரலாற்று நூல்களில் ஓர் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறாதது வியப்பே. நோர்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து, சுவீடன் ஆகியவை 1950களில் டென்மார்க்கைப் பின்பற்றின.

முழு மக்களையும் எண்ணத் தொடங்கியதும் மற்றொரு சிக்கல் எழுந்தது. புற்றுநோயாளர் பலர் முதியோர். அவர்கள் வேறு நோயாலும் இறப்பர். 1950 இல் மேயோ சிகிச்சை நிலையத்தைச் சேர்ந்த பேர்க்சனும் கேஜும், பின் 1961 இல் எடரரும் அவர் சகாக்களும் இதற்கு வழி கண்டனர். நோயாளரின் பிழைப்பை, அதே வயதும் பாலும் உடைய பொதுமக்களின் பிழைப்போடு ஒப்பிட்டுப் பெறும் "சார்பு உயிர்பிழைப்பு வீதம்" வழக்கிற்கு வந்தது. இன்று நாடுகளிடையே ஒப்பிடப்படும் எண்கள் பெரும்பாலும் இவ்வழியில் வந்தவையே.

கணிப்பு முறை இவ்வாறு செம்மையுற்ற அதே காலத்தில், இவ்வெண்ணின் பார்வைக்கு எட்டாத ஒரு மாற்றம் பிரித்தானியாவிலே தொடங்கியது. 1948 இல் அந்நாட்டு ஆண்களில் நூற்றுக்கு 82 பேர் ஏதேனுமொரு வகையிற் புகைத்தனர். 1950 இல் ரிச்சட் டோலும் பிரட்போர்ட் ஹில்லும் இலண்டன் வைத்தியசாலைகளில் 709 நுரையீரற் புற்றுநோயாளரையும் அதே தொகையான ஏனைய நோயாளரையும் ஒப்பிட்டு, புகைத்தலே முக்கிய காரணி எனக் காட்டினர். 1951 இல் நாட்டின் மருத்துவர் அனைவருக்கும் வினாக்கொத்து அனுப்பினர். நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் விடையளித்தனர். அந்த மருத்துவர்கள் எவ்வாறு இறக்கின்றனர் என்பதை எண்ணியே 1954 இல் முதல் முடிவு வெளியாயிற்று. ஆய்வின் போக்கிலேயே டோல் தாமும் புகைத்தலைக் கைவிட்டார். 1970களின் தொடக்கத்தில் உச்சத்தை அடைந்த பிரித்தானிய ஆண்களின் நுரையீரற் புற்றுநோய் இறப்பு வீதம், அதன்பின் நாற்பதாண்டுகளில் அரைவாசிக்கும் கீழே வீழ்ந்தது. இது புற்றுநோய்க்கு எதிராக மனிதர் பெற்ற வெற்றிகளுட் பெரியது எனில் மிகையன்று. எனினும் உயிர்பிழைப்பு அட்டவணையில் நுரையீரலுக்குரிய நிரலை மட்டும் பார்ப்பவர் அங்கே தோல்வியையே காண்பார். இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை அந்நோய் கண்டவர்களில் ஐந்தாண்டு வாழ்ந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தாண்டவில்லை. புகைத்தலை விட்டதனால் நோயே வராமற்போன ஆயிரமாயிரம் பேர் அவ்வட்டவணையில் இல்லை. நோய் வந்தாலன்றி அதனுள்ளே நுழைய வழியில்லை.

இதனினும் தெளிவான சான்று வட ஐரோப்பாவிலே உண்டு. கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கி, புற்றாக மாறவல்ல மாற்றங்களை முன்னரே அறியும் சோதனை 1940களில் ஜோர்ஜ் பபனிகொலோவால் அறிமுகமாயிற்று. 1960களில் ஐஸ்லாந்தும் பின்லாந்தும் நாட்டுப் பெண்களைக் கடிதம் மூலம் ஒழுங்காக அழைத்து இச்சோதனையைச் செய்தன. சுவீடனும் அவ்வழியே சென்றது. டென்மார்க்கில் மக்களில் ஏறத்தாழ நாற்பது வீதத்தினர் வாழ்ந்த பகுதிகளில் மட்டுமே ஒழுங்கான திட்டம் இருந்தது. நோர்வேயில் ஐந்து வீதத்தினருக்கே அது எட்டியது. ஏனையோர் தாமாக மருத்துவரை நாடிச் சோதித்துக்கொண்டனர். ஐந்தும் செல்வமும் கல்வியும் ஏறக்குறைய ஒத்த அயல்நாடுகள். ஐந்திலும் நம்பத்தக்க பதிவேடுகள் இருந்தன. 1987 இல் லேரா, டே, ஹக்கமா ஆகிய மூவரும் அப்பதிவேடுகளை அருகருகே வைத்துப் பார்த்தனர். 1965 இற்கும் 1982 இற்கும் இடையே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் நிகழ்ந்த இறப்பு ஐஸ்லாந்தில் 80 வீதம் குறைந்திருந்தது; பின்லாந்தில் 50; சுவீடனில் 34; டென்மார்க்கில் 25; நோர்வேயில் 10 வீதமே. திட்டமிட்ட ஆய்வாளன் ஒருவன் நாடுகளையே சோதனைக் குழாய்களாகக் கொண்டு செய்ததுபோல வரிசை பிசகாது அமைந்த முடிவு அது.

இங்கே ஒரு புதிர் எழுகின்றது. மெதுவாக வளர்ந்து புற்றாக மாறவிருந்த கலமாற்றங்களை இச்சோதனை முன்னரே அகற்றிவிடுகின்றது. அதன் வலையிற் சிக்காமல் எஞ்சிப் புற்றுநோயாக வெளிப்படுபவை, விரைந்து வளர்பவையும் சோதனைக்கு வராத பெண்களிடம் முற்றிய நிலையிற் காணப்படுபவையுமே. ஆகவே சோதனையால் இறப்பு வெகுவாகக் குறைந்த நாட்டிலும், நோய் கண்டவர்களின் உயிர்பிழைப்பு வீதம் உயராதிருக்கலாம், குறையவும் கூடும். இலகுவில் வெல்லத்தக்க நோயெல்லாம் கணக்கிற்கு வராமலே வெல்லப்பட்டுவிட்டது என்பதே காரணம். உயிர்பிழைப்பு வீதத்தைக் கொண்டு மட்டும் அரசின் சாதனையை அளப்பவர், இந்நாட்டுக்குக் குறைந்த புள்ளி இட்டிருப்பார்.

இப்புதிரின் மறுபக்கத்தை யப்பானிலும் தென் கொரியாவிலும் காணலாம். குழந்தைகளிடம் தோன்றும் நரம்பரும்புப் புற்று என்னும் நோயைச் சிறுநீர்ச் சோதனையால் முன்னரே அறியலாம் எனக் கண்ட யப்பான், 1984 முதல் நாடெங்கும் ஆறுமாதக் குழந்தைகளைச் சோதித்தது. நோய் கண்டறியப்பட்ட குழந்தைகளின் தொகை பெருகியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தனர். ஆனால் 2002 இல் கனடாவிலும் யேர்மனியிலும் செய்த ஆய்வுகள் வெளிவந்தபோது, சோதனை செய்த இடங்களில் அந்நோயால் இறக்கும் குழந்தைகளின் தொகை குறையவில்லை என்பது தெரியவந்தது. கண்டறியப்பட்டவற்றுட் பல, தாமாகவே மறைந்துவிடும் இயல்பின. கொடிய வகையோ அச்சோதனைக்குப் பிடிபடவில்லை. 2003 இல் யப்பான் அத்திட்டத்தை நிறுத்தத் தீர்மானித்தது. மறைந்துபோகவிருந்த கட்டிக்காகக் கத்திக்கும் மருந்துக்கும் ஆளான குழந்தைகளைப் பிழைத்தோர் நிரலிற் சேர்த்து மகிழ்ந்திருந்த ஆண்டுகள் இருபதுக்குச் சற்றே குறைவு.

தென் கொரியாவில் 1999 இல் தேசிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஆரம்பமாயிற்று. தைரொயிட்டுச் சுரப்பி அத்திட்டத்தில் இல்லை. எனினும் வைத்தியசாலைகள் சிறுதொகைக் கட்டணத்துக்குக் கழுத்தை ஒலியலைக் கருவியாற் பார்த்துத் தர முன்வந்தன. 2011 இல் தைரொயிட்டுப் புற்றுநோய் நிகழ்வு வீதம் 1993 இல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்காயிற்று; அவ்வோராண்டில் மட்டும் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயாளர் எனப்பட்டனர். அந்நோயால் ஆண்டுதோறும் இறந்தோர் தொகையோ நானூறுக்குக் கீழேயே அசையாது நின்றது. ஐயாண்டு உயிர்பிழைப்பு வீதம் நூற்றை எட்டியது. உலகில் இதனைவிடச் சிறந்த வீதம் இருக்க முடியாது. இதனைவிடப் பொருளற்ற வீதமும் அரிது. கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ அனைவரும் சுரப்பியை முழுமையாகவோ பகுதியாகவோ இழந்தனர்; மிகப் பலர் வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண நேர்ந்தது; சிலர் குரலையும் இழந்தனர். 2014 இல் அந்நாட்டு மருத்துவர் சிலரே இதற்கெதிராகப் பகிரங்கமாகக் குரல் எழுப்பினர். ஓராண்டுக்குள் சத்திரசிகிச்சைகள் மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்தன.

இவ்விரு நாடுகளிலும் நிகழ்ந்தது பகுதியெண்ணின் வீக்கம். இதனோடு இன்னொரு மயக்கமும் சேரும். ஒருவர் தம் எழுபதாவது வயதிற் புற்றுநோயால் இறக்கின்றார் என வைத்துக்கொள்வோம். அறுபத்தேழில் நோய்க்குறி கண்டு மருத்துவரிடம் சென்றிருந்தால் அவர் மூன்றாண்டு வாழ்ந்தவர்; ஐந்தாண்டுக் கணக்கில் தோல்வி. அறுபதிற் சோதனையொன்றால் நோய் கண்டறியப்பட்டிருந்தால் அவர் பத்தாண்டு வாழ்ந்தவர், கணக்கில் வெற்றி. இறந்த நாள் மாறவில்லை. நோயாளி என்ற பெயரைச் சுமந்த ஆண்டுகள்தாம் கூடின.

அரசியல் மேடையிலும் இம்மயக்கம் பயன்பட்டதுண்டு. 2007 இல் ஐக்கிய அமெரிக்க சனாதிபதி வேட்பாளராக முனைந்த ரூடி ஜூலியானி, முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோயிலிருந்து தாம் பிழைக்க அமெரிக்காவில் வாய்ப்பு 82 வீதம் என்றும், அரச மருத்துவம் நிலவும் இங்கிலாந்தில் அது 44 வீதமே என்றும் முழங்கினார். 44 என்பது முறைப்படி கணித்த உயிர்பிழைப்பு வீதமே அன்று. இரத்தப் பரிசோதனையால் அமெரிக்கர் இந்நோயை மிகுதியாகத் தேடிக் கண்டனர் என்பதே இரு நாடுகளுக்கும் இடையே இருந்த பெரும் வேறுபாடு. மக்கள் இலட்சம் பேருக்கு அந்நோயால் இறந்தோர் தொகை இரு நாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றே. இதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 2000 இல், வெல்ச் என்பாரும் அவர் சகாக்களும் அமெரிக்காவில் 1950 முதல் 1995 வரை இருபது வகைப் புற்றுநோய்களை ஆராய்ந்து, உயிர்பிழைப்பு வீதத்தின் உயர்வுக்கும் இறப்பு வீதத்தின் மாற்றத்துக்கும் இடையே தொடர்பு இல்லை என்று காட்டியிருந்தனர்.

அப்படியானால் உயிர்பிழைப்பு வீதத்தைத் தூக்கியெறிந்துவிடலாமா? நான் அவ்வாறு கருதவில்லை. சிறுவர்க்கு வரும் குருதிப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். அதனைத் தடுக்கும் வழி அறியப்படவில்லை. தேடிப்பிடிக்கும் சோதனையும் இல்லை. பகுதியெண் வீங்குவதற்கு இடமில்லை. 1950களில் ஏறத்தாழ அனைவரையும் கொன்ற அந்நோயிலிருந்து இன்று செல்வ நாடுகளிற் பத்துப் பேரில் ஒன்பதின்மர் வரை பிழைக்கின்றனர். இது மெய்யான வெற்றி. வறிய நாடுகளில் அதே வீதம் மிகத் தாழ்ந்திருப்பது மெய்யான அநீதி. 2018 இல் வெளியான கொன்கோட் ஆய்வின் மூன்றாம் சுற்று, 71 நாடுகளின் 322 பதிவேடுகளிலிருந்து மூன்றே முக்காற் கோடி நோயாளரின் விபரங்களைத் திரட்டி இந்த இடைவெளியை யாரும் மறுக்க இயலாதவாறு முன்வைத்தது. 1990களில் ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்ட ஆய்வுகளிற் பிரித்தானியா பின்தங்கியதைக் கண்டே அந்நாடு 2000 இற் புற்றுநோய்த் திட்டமொன்றை வகுத்துப் பெரும் பணம் ஒதுக்கியது. நோயுற்றவருக்கு நாடு என்ன செய்தது என்பதற்கு உயிர்பிழைப்பு வீதம் சான்று கூறும். நோயுறாதிருக்க நாடு என்ன செய்தது என்று அதனிடம் கேட்பதுதான் தவறு.

அவ்வினாவுக்கு மக்கள் தொகை முழுவதையும் பகுதியெண்ணாகக் கொண்ட இறப்பு வீதமே விடை தரும் என்று 1986 இல் ஜோன் பெய்லரும் எலேன் சிமித்தும் வாதிட்டனர். 1971 இற் புற்றுநோய்க்கெதிரான தேசிய சட்டத்தை இயற்றி அமெரிக்கா செலவழித்த பெருந்தொகைக்குப் பின்பும் இறப்பு வீதம் குறையவில்லை என்று காட்டி, சிகிச்சையிலிருந்து தடுப்பை நோக்கித் திரும்புக என்று அவர்கள் எழுதியது பலரைச் சினமூட்டியது. 1991 இன் பின் அந்நாட்டின் இறப்பு வீதம் இறங்கத் தொடங்கியதற்குப் புகைத்தல் குறைந்ததே பெருங்காரணங்களுள் ஒன்று என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. ஆயினும் இறப்புக் கணக்குக்கும் ஒரு நிபந்தனை உண்டு. யார், எதனால் இறந்தார் என்பது செம்மையாகப் பதியப்பட வேண்டும். மருத்துவச் சான்றின்றி முதுமை என்றோ காய்ச்சல் என்றோ மரணங்கள் பதியப்படும் இடங்களிற் புற்றுநோய் ஒளிந்துகொள்ளும்.

தமிழகத்தின் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் நடந்த ஆய்வினர் இதனை நன்குணர்ந்திருந்தனர். நுணுக்குக்காட்டியும் ஆய்வுகூடமும் இன்றி, வினாகிரியின் அமிலத்தைத் தடவி வெறுங்கண்ணாற் கருப்பைக் கழுத்தைப் பார்க்கும் எளிய சோதனையைக் கிராமப் பெண்களிடையே தாதியர் செய்தனர். அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு மாவட்டத்துக்கெனவே ஒரு புற்றுநோய்ப் பதிவேடும் பேணப்பட்டது. ஒரேயொரு சுற்றுச் சோதனையின்பின் 2007 இல் வெளியான முடிவு, சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் அந்நோயின் நிகழ்வு 25 வீதமும் அதனால் நேர்ந்த இறப்பு 35 வீதமும் ஏனைய ஊர்களைவிடக் குறைந்திருந்ததைக் காட்டியது. பதிவேடு இல்லாதிருந்தால் அத்தாதியரின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

நம் நாட்டின் தேசிய புற்றுநோய்ப் பதிவு 1985 இல், சிகிச்சையளிக்கும் வைத்தியசாலைகளின் ஏடுகளிலிருந்து தொடங்கியது. 2017 இற் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு மாணவியர்க்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான வைரசுக்கு எதிரான தடுப்பூசி வழங்கப்படலாயிற்று. அவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசியைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முழுமையாகப் பெற்ற ஸ்கொட்லாந்துப் பெண்களிடையே அப்புற்றுநோய் ஒன்றேனும் காணப்படவில்லை என 2024 இல் அந்நாட்டுப் பதிவேட்டை ஆராய்ந்தோர் அறிவித்தனர். 2017 இல் இங்கே முதல் ஊசியைப் பெற்ற மாணவியர் இப்போது பல்கலைக்கழக வயதை அடைந்துள்ளனர். அந்நோய் பெரும்பாலும் வெளிப்படும் நடுவயதை அவர்கள் எய்துவதற்கு இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் உண்டு. அவர்கள் பெயர்கள் எந்தப் பிழைத்தோர் பட்டியலிலும் வரப்போவதில்லை. அவர்கள் பிறந்த ஆண்டுகளுக்கு நேரே பதிவேட்டில் இருக்கப்போகும் வெற்றிடத்தைப் பார்த்து, அது நோயின் இன்மையா அல்லது பதிவின் இன்மையா என்று அன்று ஒருவர் கேட்பார்.